தொட்டில் கொக்கியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

கேள்வி இதுதான்: சென்னையில் 550 சதுர அடி வாடகை வீடு. இரண்டு வயதுப் பையன், ஒரு பூனை. போன வருஷம் வாங்கிய பிளாஸ்டிக் மரத்தைப் பையன் மூன்று தடவை சாய்த்தான், நான்காவது தடவை பூனை. அது உடைந்தே போனது. இந்த வருஷம் வேறு மாதிரி மரம் ஏதாவது, செலவு அதிகம் இல்லாமல் வைக்க முடியுமா? “ஒழுங்கான மரம் இல்லாம என்ன கிறிஸ்துமஸ்” என்று மாமியார் கேட்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சம்மதித்துவிட்டால் மீதி எல்லாம் கயிறு, குச்சி வேலைதான்.

“ஒழுங்கான மரம்” என்று அவர் மனதில் இருப்பது பனி நாட்டு ஃபர் மரம். அந்த மரத்தை வீட்டுக்குள் வைத்ததற்குக் கிடைக்கும் பழைய தெளிவான குறிப்புகளில் ஒன்று 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தைப் பற்றியது. வீட்டின் முன்னறையில் ஃபர் மரம் நிறுத்தி, அதில் வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்க ரேக்கு, மிட்டாய் எல்லாம் தொங்கவிட்டார்கள் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ரோஜாவும் ரேக்கும் சரி, ஆப்பிள் எதற்கு? டிசம்பர் 24 அந்தப் பகுதிகளில் ஆதாம் ஏவாள் நாள். அன்றைக்கு ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். நாடகத்துக்கு விலக்கப்பட்ட கனி மரம் வேண்டும். டிசம்பர் குளிரில் ஆப்பிள் மரம் மொட்டையாக நிற்கும். பச்சையாக இருப்பது ஃபர் மாதிரி மரம்தான். அதை வெட்டி வந்து ஆப்பிளைக் கட்டினார்கள். அந்த நாடக மரம்தான் வீட்டுக்குள் வந்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, ஃபர் மரமே ஆப்பிள் மரத்துக்கு ஆள்மாறாட்டம் செய்யத்தான் வந்தது. மார்ட்டின் லூதர் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வந்து மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று ஞாயிறு பள்ளியில் நாமெல்லாம் கேட்ட கதைக்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. கதை அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெர்மனியிலேயே எல்லா வீட்டிலும் ஃபர் மரம் இருந்ததில்லை. எர்ட்ஸ்கெபிர்க என்ற சுரங்க மலைப் பகுதியில் மரச்சட்டங்களால் ஒரு கூம்பு கட்டுவார்கள். நம் கொலுப்படியை வட்டமாக வளைத்து அடுக்கியது மாதிரி இருக்கும். தட்டுத் தட்டாகப் பொம்மைகள், உச்சியில் காற்றாடி. அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினால் சூடான காற்று மேலேறிக் காற்றாடியைச் சுற்றும், பொம்மைகளும் கூடவே சுற்றும். பவேரியாவில் இன்னும் எளிமை: 4 ஆப்பிள், 6 குச்சி. மூன்று ஆப்பிள் கீழே முக்கோணமாக, ஒன்று மேலே, நடுவில் குச்சிகள். அவ்வளவுதான் மரம். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் காடுகள் குறைந்தபோது அதே ஜெர்மானியர்கள் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். உலகத்தின் முதல் செயற்கை கிறிஸ்துமஸ் மரங்கள் அவைதான் என்று சொல்லலாம். கிளைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினால் இறகு பற்றிக்கொள்ளக் கூடாதே.

இங்கிலாந்து அரண்மனைக்கு மரம் வந்த கதையும் இப்படித்தான். 1848இல் விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஊரெல்லாம் மரம் பரவியது. ஆனால் அதற்கு முன்பே, 1800இல், சார்லட் ராணி வின்ட்சரில் குழந்தைகளுக்காக ஒரு மரம் வைத்திருந்தார். அது ஃபர் இல்லை, யூ என்ற வேறொரு மரம். அவர் பிறந்த ஜெர்மன் ஊரில் யூ கிளையை அலங்கரிப்பதுதான் வழக்கம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ராணியே தன் ஊர் வழக்கப்படி வேறு மரத்தைத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லுங்கள். தென் மாவட்டத்துக்காரராக இருந்தால் அவரே சிறுவயதில் வைத்தது பிளாஸ்டிக் மரமாக இருந்திருக்காது, சவுக்காக இருந்திருக்கும்.

நான் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். எங்கள் தெருவில் தொண்ணூறுகள் வரை பிளாஸ்டிக் மரத்தை யாரும் பார்த்ததில்லை. 23ஆம் தேதி சாயங்காலம் சித்தப்பா சைக்கிள் கேரியரில் ஆள் உயரச் சவுக்குக் கிளையைக் கட்டி, நுனி ரோட்டில் தேயத் தேயக் கொண்டு வருவார். எண்ணெய் டின்னில் தேரி மணலை நிரப்பி, தண்ணீர் விட்டு, கிளையை ஊன்றி, டின்னைச் சுற்றி ஜிகினாத்தாள் ஒட்டுவோம். கலர்த்தாளில் சங்கிலி, பலூன், போன வருஷத்து வாழ்த்து அட்டைகள், அங்கங்கே பஞ்சு. பஞ்சு என்றால் பனியாம். பனி எப்படி விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் மரம் முடிந்ததாகத் தோன்றாது.

சவுக்கு பார்க்கத்தான் ஊசியிலை மரம் மாதிரி இருக்கும். உண்மையில் பூக்கும் தாவரம், பைன் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாம் ஊசி இலை என்று நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. நிஜமான இலைகள் அந்தக் குச்சியின் கணுக்களில் பல் மாதிரி ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. கணுவில் பிடுங்கித் திரும்பப் பொருத்தி, “எங்க ஒட்டியிருக்கு சொல்லு” என்று விளையாடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். காயும் குட்டி பைன் கூம்பு மாதிரியே இருக்கும். வேடம் போட இதைவிடப் பொருத்தமான மரம் நம் கடற்கரையில் கிடையாது. கடலூர், விழுப்புரம் பக்கம் இது வயலில் வளர்க்கும் பயிர். சில வருஷத்தில் வெட்டிக் கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் அனுப்புவார்கள். கழி போய்விடும், நுனியும் பக்கக் கிளைகளும் மிலாறாக அடுப்புக்குப் போகும். நமக்கு வேண்டியது அந்த மிலாறுதான். அதாவது மரத்துக்காக ஒரு மரமும் சாக வேண்டியதில்லை.

(இந்தியாவில் கிறிஸ்தவர்கள் மாமரத்தையும் வாழை மரத்தையும் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரிக்கிறார்கள் என்று வெளிநாட்டுக் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கின்றன. திருவிழாவுக்குக் கோயில் வாசலில் வாழை கட்டுவதை யாரோ பார்த்துக் குழம்பியிருக்கலாம். கிறிஸ்துமஸ் மரமாக வாழை வைத்த வீட்டை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.)

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். இரண்டு வயதுப் பையன், பூனை, இடம் இல்லை. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே தீர்வு மரத்தைத் தரையில் வைக்காமல் இருப்பதுதான். தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

சிரிக்க வேண்டாம். தெற்கு போலந்து கிராமங்களில் இதுதான் பழைய வழக்கம். ஸ்ப்ரூஸ் அல்லது ஃபர் மரத்தின் நுனியை வெட்டி, வீட்டு உத்தரத்தில் தலைகீழாகக் கட்டுவார்கள். ஆப்பிள், கொட்டைகள், வைக்கோல் பொம்மைகள், அப்பத்தட்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த உருண்டைகள் எல்லாம் அதில் தொங்கும். நிமிர்ந்த மரம் ஜெர்மனியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது அப்புறம்தான். நம் காலத்தில் 2016இல் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் ஷிராசே ஹூஷியாரி என்ற சிற்பி ஒரு பைன் மரத்தை அப்படியே தலைகீழாகத் தொங்கவிட்டு, வேர்களுக்கு மட்டும் தங்க ரேக்கு பூசியிருந்தார். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. எப்போதும் மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர்தான் அங்கே கண்ணுக்கு முதலில் பட்டது.

உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். பழைய சென்னை வீடுகளில் ஹாலிலோ படுக்கையறையிலோ தொட்டில் கொக்கி ஒன்று இருக்கும். பையனுக்கு இரண்டு வயது என்றால் அந்தக் கொக்கிக்கு இப்போது வேலை இல்லை. குழந்தையையே தாங்கிய கொக்கி, மூன்று கிலோ கிளையைத் தாங்காதா? ஆனால் மின்விசிறிக் கொக்கியில் கட்டாதீர்கள், விசிறி இறக்கை படும் தூரத்திலும் வேண்டாம். டிசம்பரிலும் நமக்கு விசிறி ஓடும்.

செய்முறை சொல்கிறேன். மூன்றடி, மூன்றரை அடிச் சவுக்கு நுனி ஒன்று போதும். அதைவிடப் பெரிதாக வேண்டாம், 550 சதுர அடியில் தலையில் இடிக்கும். வெட்டிய அடிப்பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றி, மேலே பாலிதீன் உறை போட்டு இறுகக் கட்டுங்கள். அதற்கு மேல் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சு போட்டால் உறை தெரியாது. கயிற்றைத் தண்டில் இரண்டு இடத்தில் கட்டவும். ஒரே இடத்தில் கட்டினால் கிளை வாடிச் சுருங்கும்போது உருவிக்கொண்டு விழும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அப்படித்தான் கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது கிளை கழன்று கிறிஸ்துமஸ் தாத்தா தோளில் விழுந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். தொங்கும் சவுக்கு ஒரு வாரம் பச்சையாக இருக்கும், அப்புறம் பழுப்பாகி உதிரும். அதனால் 22, 23ஆம் தேதிக்கு முன் கட்டாதீர்கள். கீழே பாய் விரித்துவைத்தால் பெருக்குவது எளிது. சவுக்கின் சிம்புகள் மெல்லியவை, கனமான கண்ணாடிக் குண்டு தொங்கினால் வளைந்துவிடும். காகிதம், ஓலை, துணி, காய்ந்த ஆரஞ்சு வில்லை, இந்த மாதிரி எடையில்லாத பொருள்தான் அதற்குப் பொருந்தும்.

கொக்கி இல்லை, சவுக்கும் கிடைக்கவில்லை என்றால் சுவருக்குப் போங்கள்.

இத்தாலியில் குப்பியோ என்று ஒரு சின்ன ஊர். அதன் பின்னால் இங்கினோ மலை. 1981 முதல் வருஷா வருஷம் அந்த மலைச்சரிவில் விளக்குகளை வரிசையாகப் பதித்து மரம் வரைகிறார்கள். 650 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் நட்சத்திரம். அது நிஜ மரம் இல்லை, இருட்டில் கோடு மட்டும்தான். ஆனாலும் பார்க்கிறவன் அதை மரம் என்றுதான் சொல்வான். கீழே அகலம், மேலே கூர், உச்சியில் ஒரு நட்சத்திரம் இருந்தால் போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். இதை நீங்கள் சுவரில் ஒரு சீரியல் செட்டை வைத்தே செய்யலாம். வாடகை வீடு, ஆணி அடித்தால் ஓனர் சண்டைக்கு வருவார் என்றால் ஒட்டும் கொக்கிகள் கிடைக்கின்றன. சுண்ணாம்பு அடித்த சுவரில் மட்டும் அவை நிற்காது, சுண்ணாம்போடு சேர்த்து உரிந்து வரும்.

விளக்கு மட்டும் போதாது, கையில் தொடும்படி ஏதாவது வேண்டும் என்றால் ஏழு குச்சி எடுங்கள். அடியில் 36 அங்குலம், அடுத்தது 31, 26, 21, 16, 11, உச்சியில் 6. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறேழு அங்குல இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் சணல் கயிற்றால் கட்டி, நூலேணி மாதிரி ஒரே கொக்கியில் தொங்கவிடலாம். பண்டிகை முடிந்ததும் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிடலாம். சின்ன வீட்டுக்கு இதைவிடச் சமர்த்தான மரம் இல்லை. பிளாஸ்டிக் மரத்தின் பெரிய தொல்லை டிசம்பரில் இல்லை, மீதிப் பதினொரு மாதம் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான்.

என்ன குச்சி? இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் சாண்ட்லர் என்ற ஊரில் 1957 முதல் காற்றில் உருளும் முட்புதர்களைச் சேர்த்துக் கட்டி ஊர் மரம் செய்கிறார்கள். அது அந்த நாட்டுச் செடிகூட இல்லை, எங்கிருந்தோ வந்து பரவிய களை. அதையே பொறுக்கி, தீப்பிடிக்காத மருந்தும் வெள்ளைப் பெயின்ட்டும் அடித்து, ஆயிரம் புதர் வரைக்கும் அடுக்கி, விளக்குப் போடுகிறார்கள். மெய்ன் மாநிலத்து ராக்லாண்ட் மீனவர் ஊர், அங்கே இறால் வகைப் பெரிய சிங்கி பிடிக்கும் கூண்டுகளை மாடி மாடியாக அடுக்கி மரம் செய்வார்கள், உச்சியில் ஒரு சிங்கி. மாசசூசெட்ஸின் குளோஸ்டரிலும் இதே மாதிரி உண்டு. மூன்று ஊரும் கடைக்குப் போகவில்லை. தங்களிடம் எது கூடிக் கிடக்கிறதோ அதில் கைவைத்தார்கள். நம்மிடம் கூடிக் கிடப்பது சமவெளியில் சீமைக்கருவேலம், மலைப் பக்கம் உண்ணிச்செடி. சீமைக்கருவேலத்துக்கு முள் உண்டு, குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. உண்ணிச்செடிக் குச்சியைத் தோல் உரித்துக் காயவைத்தால் பிரம்பு மாதிரி வழவழப்பாகிவிடும். கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் அதில் ஆள் உயர, யானை உயர யானைகளே செய்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிற நண்பர் யாராவது இருந்தால் ஒரு கட்டு கேளுங்கள். இல்லையா, பழைய ஒட்டடைக் கம்பு, தென்னை மட்டை எதுவும் ஆகும்.

தூத்துக்குடி ஆள் என்பதால் பனையைச் சொல்லாமல் விட முடியாது. மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டி, தொப்பி, கிலுகிலுப்பை முடைகிறார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவையும் பூவும் மடிக்கத் தெரிந்த கைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கும், உங்கள் மாமியார் கையும் அதில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று பனையோலை விசிறி, பெரிசு, நடுத்தரம், சிறிசு. ஒரு மூங்கில் குச்சியில் பெரிசு கீழே, சிறிசு மேலே வருகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டினால் அரை மணி நேரத்தில் மரம். உச்சிக்கு ஓலை நட்சத்திரம். ஓலையைத் தண்ணீரில் நனைத்து வைத்து மடித்தால் உடையாது. இந்த ஓலை மடிக்கிற வேலையை மாமியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மரத்தைச் செய்தவரே அதை “ஒழுங்கான மரம் இல்லை” என்று சொல்ல மாட்டார்.

நேரம் சுத்தமாக இல்லை என்றால் பவேரியாக்காரர்களின் ஆப்பிள் மரம். ஆறு குச்சியின் இரண்டு முனைகளையும் பென்சில் மாதிரிச் சீவி, நான்கு ஆப்பிளில் குத்தி நிறுத்த வேண்டியதுதான். ஆப்பிளுக்கு ஒன்றாக நான்கு விளக்கு, திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுக்கும் ஒவ்வொன்றாக ஏற்றலாம். நம் வெயிலுக்குக் குத்திய இடம் சீக்கிரம் கறுத்துவிடும், வாரம் ஒரு முறை ஆப்பிளை மாற்றுங்கள். கழற்றியதைக் கறுத்த இடம் நறுக்கிவிட்டு அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம். சாப்பாட்டு மேஜை நடுவே ஒரு தட்டில் வைத்தால் இடமும் பிடிக்காது. நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம், காரணம் கீழே.

வளரும் மரம் வேண்டுமென்றால் நர்சரிகளில் “கிறிஸ்துமஸ் மரம்” என்றே விற்கும் அரகேரியா இருக்கிறது. நார்ஃபோக் தீவு பைன் என்று சொல்லித் தருவார்கள். 1774இல் கேப்டன் குக் அந்தத் தீவில் இதைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்று மகிழ்ந்துபோனார், ஆகவில்லை. நம் நர்சரிகளில் கிடைப்பது பல நேரம் அதன் உறவான குக் பைன். இந்தக் குக் பைனுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு: உலகத்தில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாய்ந்து வளரும், ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வும் கூடும். 2017இல் ஒரு ஆய்வில் இதை அளந்து காட்டினார்கள். நம் ஊரில் தெற்குப் பக்கம் சாயும். தொட்டியில் இருக்கும்போது காலை வெயில் படும் பால்கனியில் வையுங்கள், நுனியை மட்டும் கிள்ளவே கூடாது. நுனி போனால் பழைய கூம்பு வடிவம் திரும்ப வராது. ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தொட்டி மண் என்றால் பூனைக்குக் கழிப்பறை.

புத்தகத்தை அடுக்கிச் செய்யும் மரம், மடக்கு ஏணியில் விளக்குச் சுற்றிச் செய்யும் மரம் இரண்டும் படத்தில் நன்றாக இருக்கும். இரண்டு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள். பாட்டில் மரமும் எனக்குப் பிடிக்காது. லிதுவேனியாவின் கௌனஸ் நகரத்தில் 2011இல் சுமார் 40,000 பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துப் பெரிய மரம் செய்தார்கள், நகரச் சதுக்கத்தில் உள்ளே விளக்குப் போட்டுப் பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகு. வீட்டில் முப்பது பாட்டிலை வைத்துச் செய்தால் குப்பைக்கூடை கவிழ்ந்த மாதிரிதான் இருக்கும். அதற்காகவே குளிர்பானம் வாங்கிக் குடித்துப் பாட்டில் சேர்த்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.

உடைந்த பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் போடாதீர்கள். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் போட்ட கணக்குப்படி ஆறரை அடிப் பிளாஸ்டிக் மரம் ஒன்றைச் செய்து, அனுப்பி, கடைசியில் குப்பையாக்குவதில் சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான மாசு. அதே உயர நிஜ மரத்தைப் பண்டிகைக்குப் பின் எரித்தால் மூன்றரைக் கிலோ. பிளாஸ்டிக் மரம் நிஜ மரத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்தாக வேண்டும். உடைந்ததில் நல்ல கிளைகளைக் கழற்றிக் கம்பியோடு வளைத்து வட்டமாகக் கட்டினால் வாசல் வளையம். ஏழு குச்சி மரத்தில் ஒரு குச்சிக்கு ஒரு கிளை என்று சுற்றினாலும் நன்றாக இருக்கும்.

இனி விளக்கு. அதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்பல்புகளைப் போட்டார், மின்விளக்கு எரிந்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அது. நம் பழைய சீரியல் செட்டுகள் அவர் காலத்திலிருந்து பெரிதாக முன்னேறிவிடவில்லை. ஒரு பல்பு போனால் எல்லாம் அணையும், 24ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து எது போயிற்று என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். அதைவிட மோசம், நேராக வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஓடுகிறது, வயரின் உறை மெல்லியது, பூனைக்குப் பல் இருக்கிறது. மொபைல் சார்ஜரில் செருகும் 5 வோல்ட் எல்ஈடி சரம் வாங்குங்கள். அலுமினியத்தாள், ஜிகினாத்தகடு மாதிரி உலோகப் பொருளில் மரம் செய்தால் அதன் மேல் 230 வோல்ட் சீரியல் செட்டைச் சுற்றவே கூடாது. 1960களில் அமெரிக்காவில் அலுமினிய மரம் பெரிய நாகரிகம், விஸ்கான்சினில் மானிடோவாக் ஊரில் எவர்க்ளீம் என்ற பெயரில் செய்து குவித்தார்கள். அதில் விளக்குச் சரம் சுற்றினால் எங்காவது வயர் நைந்து மரம் முழுக்கவும் ஷாக் அடிக்கும் என்பதால், தரையில் ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னால் நான்கு நிறத் தட்டைச் சுழலவிட்டு மரத்தின் மேல் நிறம் பாய்ச்சினார்கள். பயத்தில் பிறந்த அலங்காரம், ஆனால் நல்ல அலங்காரம். இன்றைக்கு அந்த மரங்களைத் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள், அதிலும் இளஞ்சிவப்பு மரத்துக்கு ஏகக் கிராக்கி.

பையனுக்காக ஒன்று: பட்டன் பேட்டரி போட்ட குட்டி விளக்குகள், பாடும் நட்சத்திரங்கள் எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பூனைக்காக இன்னொன்று: நூல் நூலாகத் தொங்கும் ஜிகினா வேண்டாம். விளையாட்டாகக் கடித்து விழுங்கும், குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான். நிஜ மெழுகுவர்த்தியைக் காய்ந்த சவுக்குப் பக்கத்தில், அதுவும் பஞ்சு வைத்த சவுக்குப் பக்கத்தில் கொண்டு போகவே போகாதீர்கள். காய்ந்த சவுக்குச் சருகு எப்படிப் பற்றும் என்று வெந்நீர் அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மரம் போன இடம் அந்த அடுப்புதான். உங்களுக்கு அடுப்பு இல்லை, குப்பைக்காரரிடம் மட்கும் குப்பையில் போடச் சொல்லிக் கொடுக்கலாம்.

கடைசியாக, இத்தனைக்கும் வழியில்லாமல் போனால் குடிலுக்குப் புல் போடுவது மாதிரி ஒரு மரம். குடில் மலையடிவாரத்துக்குக் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடுவோம் இல்லையா, அதையே அகலத் தட்டில் முக்கோணமாகத் தூவி வளர்ப்பது. ஈரமான மண்ணில் நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் துணியால் மூடி, அப்புறம் காலை வெயிலில் வையுங்கள். கேழ்வரகு என்றால் டிசம்பர் 15 வாக்கில் போட்டால் சரியாக இருக்கும், நெல் இரண்டு நாள் முன்னதாகவே வேண்டும். தட்டை உயர அலமாரியில் வைக்கவும். கூடவே ஒரு பழைய டப்பாவிலும் கொஞ்சம் தூவித் தரையில் வையுங்கள், பூனைக்கு இளம்புல் என்றால் உயிர்.